பன்னிரண்டாவது புத்தகத்தின் ஓரத்தில் பென்சில்

அக்கா பையன் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். “சித்தி, பன்னிரண்டாவது புக்ல மேட் வேற யாரோ மாதிரி இருக்கான். எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதா?” மேட், ‘வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜால நாவல் வரிசையின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவன். 2021-ல் அமேசான் பிரைமில் அது தொடராக வந்தபோது பார்க்க ஆரம்பித்து, அது பிடித்துப்போய் புத்தகத்தைக் கையில் எடுத்தவன். ஒரு வழியாகப் பதினொன்றைத் தாண்டிவிட்டான். அவன் கேள்வியைக் கேட்டதும் எனக்கு 2009 அக்டோபர் அப்படியே கண்முன் வந்தது. அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். பாதியில் எழுத்தாளர் போய்ச் சேர்ந்து, வேறொருவர் வந்து முடித்துக் கொடுத்த ஒரு பெரிய தொடரை எப்படிப் படிக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது முழுக்க அந்த ஒரு புத்தகத்தில்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இதை எழுதியவர் ராபர்ட் ஜோர்டன். அது புனைபெயர், சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி ஜூனியர். அமெரிக்காவில் சவுத் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன்காரர். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர், திரும்பி வந்து இயற்பியல் படித்தவர். தொடரின் முதல் புத்தகம் 1990-ல் வந்தது, 2005-க்குள் பதினோரு பாகங்களும் ஒரு முன்கதையும் முடிந்திருந்தன. 2006 மார்ச்சில், இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் தனக்கு வந்திருப்பதை வாசகர்களிடம் அவரே சொன்னார். பன்னிரண்டாவதுதான் கடைசி, எத்தனை பக்கம் போனாலும் ஒரே புத்தகமாகத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். வயது 58.

நான் 2004-ல் கல்யாணமாகி நார்த் கரோலினாவின் சார்லட் நகரத்துக்குப் போனேன். கணவருக்கு வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து வந்த விசா. வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது, பக்கத்தில் பேச ஆள் இல்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு லைப்ரரி இருந்தது. அங்கே ஒரு தட்டு முழுக்க ஒரே ஆளின் பெயரில் தடிதடியாகப் புத்தகங்கள் நின்றன. ஒரு குளிர்காலத்தை ஓட்ட இது போதும் என்று நினைத்துத்தான் முதல் புத்தகத்தை எடுத்தேன். குளிர்காலம் முடிந்தும் விடவில்லை. ஜோர்டன் யாராவது அறைக்குள் நுழைந்தால் அவர்கள் போட்டிருக்கும் சட்டையின் கைப் பூவேலை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் பேச விடுவார். கல்யாண வீட்டுக்குப் போய் வந்த எங்கள் அத்தை யார் என்ன புடவை, பார்டர் எத்தனை விரல், ஜரிகை பழசா புதுசா என்று ஒன்று விடாமல் சொல்வாரே, அந்த மாதிரி. பலருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். எனக்கு அப்போது அந்தப் பேச்சுதான் வேண்டியிருந்தது.

அதனால் ஜோர்டன் இறந்த செய்தி வந்தபோது தெரிந்தவர் ஒருவர் போய்விட்ட மாதிரிதான் இருந்தது. கதையும் பாதியில். பதினோரு புத்தகமாக வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரு பெரிய போருக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள், சொல்ல வேண்டியவர் இல்லை.

டிசம்பரில் பிராண்டன் சாண்டர்சன் முடித்து வைப்பார் என்று அறிவிப்பு வந்தது. அவருக்கு அப்போது 32 வயதுகூட நிறையவில்லை, சொந்தமாகச் சில நாவல்கள்தான் வந்திருந்தன. அவரைத் தேர்ந்தெடுத்தது ஜோர்டனின் மனைவி ஹேரியட் மெக்டூகல். ஜோர்டன் இறந்ததும் சாண்டர்சன் இணையத்தில் எழுதிய அஞ்சலியை யாரோ அந்த அம்மாவிடம் காட்ட, அதைப் படித்துவிட்டு, அவருடைய ‘மிஸ்ட்பார்ன்’ நாவலையும் வரவழைத்துப் படித்துவிட்டு முடிவு செய்தார். பையனாக இருந்தபோதே முதல் புத்தகத்திலிருந்து இந்தத் தொடரைத் தொடர்ந்து படித்து வந்தவர் சாண்டர்சன். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

2009 மார்ச்சில் இன்னொரு செய்தி. ஒரு புத்தகம் மூன்றாகப் பிரிகிறதாம். காசுக்காகத்தான் என்று பலரும் கொதித்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றும் வந்த பிறகு கணக்குப் பார்த்தால் பத்து லட்சம் சொற்களுக்குப் பக்கம். ஒரே அட்டைக்குள் எந்தப் பைண்டராலும் தைத்துக் கொடுத்திருக்க முடியாது.

பன்னிரண்டாவது புத்தகமான ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ வெளியானது 2009 அக்டோபர் 27, ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்குள் கார் ஓட்டக் கற்றிருந்தேன், கடை திறந்ததும் போய் வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்த காரியம், ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டது. ஜோர்டன் விட்டுப்போன எழுத்தும் குறிப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 200 பக்கம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கங்களை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் குரல் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பத்தியாகப் படித்து, ஓரத்தில் ‘ஜோ’ என்றோ ‘சா’ என்றோ எழுதிக்கொண்டே போனேன். வாக்கியம் சின்னதாக இருந்தால் சா. யாராவது உடையைப் பற்றிப் பேசினால் ஜோ. இந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சு மாதிரி ஒரு வார்த்தை வந்தால் உடனே ‘சா’, பக்கத்தில் ஒரு கோடு. இப்படியே 700 பக்கத்துக்கு மேல்.

படித்து முடித்தபோது எனக்குக் கதை ஞாபகத்தில் இல்லை. உண்மையாகவே இல்லை. கதாநாயகன் ராண்ட் ஒரு மலை உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும் கடைசி அத்தியாயம், இத்தனை வருஷக் கதையும் வந்து நிற்கும் இடம், அதற்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது ‘சா?’ என்று ஒரு எழுத்தும் ஒரு கேள்விக்குறியும். அழ வேண்டிய இடத்தில் நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, பள்ளிக்கூட நோட்டு மாதிரி?” என்று கேட்டார். சொன்னேன். அம்மா உடனே ‘அமரதாரா’ பற்றிப் பேச ஆரம்பித்தார். 1954 டிசம்பரில் கல்கி இறந்தபோது அந்த நாவல் முடியவில்லை. அப்பா வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார். அம்மா அப்போது பாவாடை தாவணி கட்டுகிற வயசு. வாராவாரம் பத்திரிகை யார் கைக்கு முதலில் போகிறது என்று வீட்டில் சண்டை நடக்குமாம்.

“எங்க கல்கி நிறுத்தினார், எங்க பொண்ணு ஆரம்பிச்சான்னு நீ பார்க்கலையாம்மா?”

“எதுக்குப் பார்க்கணும்? கதை என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமா? அப்பா போன துக்கத்தோட உட்கார்ந்து அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கா, அதுல போய்க் கோடு போடுவாங்களா?”

அந்த வாரமே அழிப்பான் எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். தடம் இன்னமும் தெரிகிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ‘சா’ படிக்கலாம்.

பிறகு சில வருஷங்களில், எந்தெந்தப் பகுதிக்கு எவ்வளவு குறிப்பு இருந்தது என்று சாண்டர்சன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முக்கியப் பாத்திரங்களில் எக்வீன் என்ற பெண்ணின் கதைக்கு ஜோர்டன் நிறைய விட்டுப்போயிருந்தார், பெரின் என்பவனின் கதைக்கு மிகக் குறைவு. என் ஊகங்கள் பாதிக்குமேல் தப்பு. ஆகவே என் முதல் அறிவுரை, முதல் வாசிப்பில் ‘இதை யார் எழுதியது’ என்று தேடவே தேடாதீர்கள். அதற்கு இரண்டாவது வாசிப்பு இருக்கிறது, அப்போது அதுவும் ஒரு நல்ல சுகம்தான்.

சரி, நான் கவனிக்காமல் விட்டது என்ன? ஹேரியட். ஜோர்டனுக்கு அவர் வெறும் மனைவி இல்லை, எடிட்டர். கல்யாணத்துக்கு முன்பே அவருடைய முதல் நாவலைப் பதிப்பித்தவர். இந்தத் தொடரின் முதல் புத்தகத்திலிருந்து எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. சாண்டர்சன் எழுதிய மூன்றையும் திருத்தியதும் அவரேதான். கூடவே ஜோர்டனின் உதவியாளர்களாக இருந்த மரியா சைமன்ஸ், ஆலன் ரோமன்சுக் இருவரும். யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தத் தேதியில் எந்தப் படை எங்கே என்று சரிபார்த்தது அவர்கள். புது எழுத்தாளர் வெளியிலிருந்து வந்தார், ஆனால் வீடு அப்படியே இருந்தது, அடுப்பங்கரையில் நின்றது அதே ஆட்கள். நாம் எழுத்தாளர் பெயரை மட்டும் அட்டையில் பார்த்துவிட்டுக் கதை கை மாறிவிட்டது என்று பதறுகிறோம். யார் கேட்டு எழுதியது, யார் திருத்தியது, குறிப்புகள் உண்மையில் இருந்தனவா, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வேறெந்தத் தொடருக்கும் இதையே செய்வேன். பெயருக்கு உரிமை வாங்கி எழுதுவது வேறு, வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதச் சொல்வது வேறு.

முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். பன்னிரண்டாவதில் சாண்டர்சன் இரண்டு மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். ஜோர்டனின் நடையைக் காப்பியடிக்க முயலவில்லை, என் நடையை இந்த உலகத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறார். அதே நடிகர்கள், அதே கதை, சில காட்சிகளுக்கு மட்டும் வேறு டைரக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். பென்சிலும் கையுமாக இருந்த நான் இதைப் படிக்காமலே முதல் அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது அக்கா பையனின் கேள்வி. மேட் மாறித்தான் இருக்கிறான், அவனுக்குத் தோன்றியது சரி. ஜோர்டன் எழுதிய மேட்டுக்குத் தான் வேடிக்கையானவன் என்று தெரியாது. சண்டை பக்கமே போக மாட்டேன், எனக்கென்ன தலையெழுத்து என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டே இருப்பான், கால் மட்டும் நேராக ஆபத்துக்குள் நடந்துகொண்டிருக்கும். சிரிப்பு நமக்கு வரும், அவனுக்கு வராது. பன்னிரண்டாவதில் அவன் தெரிந்தே ஜோக் அடிக்கிறான். ஒரு ஊருக்குள் வேஷம் போட்டுப் போவதற்காகத் தன் ஆட்களுக்குத் தாள்தாளாகப் பொய்ச் சரித்திரம் எழுதிக் கொடுக்கிறானே, அந்தக் காட்சி. ஒவ்வொருவனுக்கும் ஒரு பிறந்த ஊர், ஒரு தொழில், ஒரு சோகம். தனியாகப் படித்தால் சிரிக்கலாம். ஆனால் பதினோரு புத்தகமாக நமக்குத் தெரிந்த மேட் உட்கார்ந்து இவ்வளவு தாள் எழுதுகிற ஆளே இல்லை.

மேட் சரியாக வரவில்லை என்று சாண்டர்சன் பின்னால் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அடுத்த புத்தகமான ‘டவர்ஸ் ஆஃப் மிட்நைட்’டில் மேட் எலெய்ன் என்ற அரசிக்கு ஒரு கடிதம் எழுதுவான், வரிக்கு வரி எழுத்துப்பிழையோடு. அங்கே மேட் பாதி திரும்பி வந்துவிட்டான். கடைசிப் புத்தகத்தில் இன்னும் நெருங்கி வருகிறான். ஆகவே ஒரு பாத்திரம் பிசகினால் புத்தகத்தை மூடாதீர்கள். புதிதாகக் குடும்பத்துக்குள் வந்தவருக்கு எல்லாருடைய சுபாவமும் ஒரே நாளில் பிடிபடாது, அதிலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கிறவனின் சுபாவம் கடைசியில்தான் பிடிபடும்.

அடுத்தது நடைமுறையில் எல்லாரும் தடுக்கி விழும் இடம். ஒன்றாக வந்திருக்க வேண்டிய கதையை மூன்றாக வெட்டியதில் பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒரே காலவரிசையில் ஓடவில்லை. பன்னிரண்டில் ராண்டும் எக்வீனும் வெகுதூரம் முன்னால் போய்விடுகிறார்கள். பதின்மூன்றில் பெரினின் கதை பின்னாலிருந்து ஆரம்பித்து மெல்ல எட்டிப் பிடிக்கிறது. அதனால் ராண்டின் அப்பா டாம், போன புத்தகத்தில் மகனோடு பேசிவிட்டுப் போனவர், இந்தப் புத்தகத்தில் பெரினின் முகாமில் இருப்பார். முதல் தடவை அச்சுப்பிழையோ என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ராண்ட், அந்தப் பக்கம் பெரின் என்று நடப்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். டாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற இடம் வந்ததும் இரண்டு பத்தியும் ஒன்றுசேர்ந்துவிடும். அக்கா பையனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவனுக்குக் குழப்பமே வரவில்லை.

பன்னிரண்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பப் படிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பத்தாவது புத்தகம் 2003-ல் வந்தது, தொடரிலேயே மெதுவாக நகர்வது. அதில் சிக்கி நின்று போனவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர் உண்டு. பதினொன்றை மட்டும் நிதானமாகத் திரும்பப் படியுங்கள், அது ஜோர்டன் முழுசாக முடித்த கடைசிப் பாகம், வேகமும் திரும்பி வந்திருக்கும். ஆனால் பதினொன்றை மூடிய கையோடு பன்னிரண்டைத் திறக்காதீர்கள். நடுவில் ஒரு வாரமாவது வேறு எதையாவது படியுங்கள். காதில் பழைய குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது புதுக் குரலைக் கேட்டால் அது அநியாயத்துக்கு மெலிந்ததாகத் தெரியும்.

எனக்கு உண்மையில் வழி திறந்தது ஆடியோபுக்தான். 2012-ல் நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன், போக வர ஒன்றரை மணி நேரம் காரில். முதல் பாகத்திலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் வாசித்திருப்பது மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் என்ற ஒரே ஜோடி, நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவி. எழுத்தாளர் மாறினாலும் காதில் விழும் குரல் மாறவில்லை. கதையில் எதற்கெடுத்தாலும் கோபப்படும் நைனீவ் என்றொரு பெண் உண்டு. எட்டு வருஷம் முன்னால் நான் மனசுக்குள் கேட்டிருந்த நைனீவ் இல்லைதான், ஆனால் பதினொன்றாம் புத்தகத்தில் கோபித்துக்கொண்ட அதே நைனீவ்தான் பன்னிரண்டிலும் கோபித்துக்கொள்கிறாள். மலை உச்சி அத்தியாயத்தை அப்படித்தான் இரண்டாம் முறை சந்தித்தேன். ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், மீட்டிங்குக்கு இருபது நிமிஷம் தாமதம். அது சா-வா ஜோ-வா என்று எனக்குத் தோன்றவே இல்லை. புது எழுத்தாளரின் நடை ஒட்டவில்லை என்று தவிப்பவர்கள் அந்த இடத்தில் மட்டுமாவது காதால் படித்துப் பாருங்கள்.

கடைசிப் புத்தகம் ‘எ மெமரி ஆஃப் லைட்’, 2013 ஜனவரி 8. அதில் ‘கடைசிப் போர்’ என்ற ஒரே அத்தியாயம் ஏறத்தாழ இருநூறு பக்கம், எழுபதாயிரம் சொல்லுக்கு மேல். நடுவில் எங்கேயும் மூச்சு விட இடம் கிடையாது, வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். வேலைநாள் ராத்திரி பத்து மணிக்கு அதை ஆரம்பிக்காதீர்கள். சனிக்கிழமை காலையில், சமையலை முடித்துவிட்டு உட்காருங்கள். படையும் தளபதியும் மாறிமாறி வரும் அந்தப் பக்கங்கள் சாண்டர்சனின் பலம். ஜோர்டன் இருந்திருந்தால் ஒரு கூடாரத்தின் துணி என்ன துணி என்று சொல்லியிருப்பார், எனக்கு அதுவும் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் கிடைக்காது என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

அதற்கப்புறம் வரும் முடிவுரை பெரும்பாலும் ஜோர்டனே எழுதி வைத்துவிட்டுப் போனது. 2007 டிசம்பரில் ஹேரியட்டைப் பார்க்க சார்ல்ஸ்டன் வீட்டுக்குப் போன சாண்டர்சன் அன்றிரவே அதைப் படித்துவிட்டார். அந்த இடத்தில் போய்ச் சேரத்தான் அடுத்த ஐந்து வருஷம் எழுதினார். அதில் ஒரு சின்ன விஷயம் வரும், ஒரு புகைக்குழாய் சம்பந்தப்பட்டது. அது எப்படி நடந்தது என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. மூன்று தடித்த புத்தகம் எழுதியவருக்கு அங்கே ஒரு வாக்கியம் சேர்ப்பது பெரிய காரியமில்லை. சேர்க்கவில்லை, இருந்ததை இருந்தபடியே விட்டுவிட்டார்.

போன மாதம் அக்கா பையன் முடித்துவிட்டான். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபோன். “சித்தி, அந்தப் பைப்... எப்படி சித்தி?”

“நீ என்ன நினைக்கறே?”

அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது. என்னிடம் 2013-லிருந்து வேறு ஒன்று இருக்கிறது. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை, அக்கா எழுந்து வந்து ஃபோனைப் பிடுங்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.